அறிவியல் ராஜதந்திர வேலைக்குப் போவது எப்படி: முழுமையான வழிகாட்டி

2015 டிசம்பர் 12, சனிக்கிழமை மாலை, பாரிஸ். இருநூறுக்குக் கொஞ்சம் குறைவான நாடுகள் இரண்டு வாரம் பேசி முடித்த காலநிலை ஒப்பந்தத்தின் இறுதி வரைவு எல்லார் கைக்கும் வந்துவிட்டது. நான்காம் பிரிவின் நான்காம் உட்பிரிவில் மட்டும் ஒரு சொல் இடறியது. உமிழ்வைக் குறைப்பதில் வளர்ந்த நாடுகள் முன்னிலை வகிக்க வேண்டும் என்று சொல்லும் இடத்தில் 'ஷுட்' என்று இருக்க வேண்டியது 'ஷல்' என்று அச்சாகியிருந்தது. முதலாவது அறிவுறுத்தல், இரண்டாவது சட்டக் கட்டாயம். கட்டாயம் என்று வந்துவிட்டால் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டின் ஒப்புதலுக்குப் போக வேண்டியிருக்கும், அங்கே அது தேறாது என்பதால் அமெரிக்கக் குழு ஏற்க மறுத்தது. கூட்டம் தாமதமானது, அறைக்கு வெளியே தலைகள் கூடிக் கூடிப் பேசின, கடைசியில் செயலகம் அதை எழுத்துப்பிழை போன்ற ஒரு திருத்தமாக வாசித்துவிட்டு நகர்ந்தது. அதன் பிறகுதான் ஒப்பந்தம் ஏற்கப்பட்டது என்று அறிவிக்கும் சுத்தியல் விழுந்தது.

இந்த வேலைக்கு வர ஆசைப்படுகிறவர்கள் முதலில் மனதில் ஏற்ற வேண்டிய காட்சி இது. ஆய்வகத்தில் எவ்வளவு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தாலும், உலகம் அதன்படி நடக்க வேண்டுமென்றால் அது ஒருநாள் இப்படி ஒரு வாக்கியத்துக்குள் வந்து உட்கார வேண்டும். அந்த வாக்கியத்தின் பின்னால் இருக்கும் அறிவியலும் தெரிந்து, அரசுகள் ஏன் ஒரு சொல்லுக்காக இரவு முழுக்க அடம்பிடிக்கின்றன என்பதும் தெரிந்த ஆட்கள் குறைவு. அந்த இடத்துக்குத்தான் நீங்கள் போகப் பார்க்கிறீர்கள்.

வழி கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது பெரும்பாலும் ஒரே விஷயம். "அறிவியல் ராஜதந்திரம்" என்ற பெரிய துறைக்குள் நுழையப் பார்க்காதீர்கள். ஏதாவது ஒரு உடன்படிக்கையைப் பிடித்துக்கொண்டு, விடாமல் மூன்று நான்கு ஆண்டு அதன் பின்னாலேயே போங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதைப் பற்றித்தான்.

படி 1: இது என்ன வேலை என்று சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்

2010இல் லண்டன் ராயல் சொசைட்டியும் அமெரிக்க அறிவியல் மேம்பாட்டுச் சங்கமும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. அதில் இந்தத் துறையை மூன்றாகப் பிரித்தார்கள். ராஜதந்திர முடிவுகளுக்கு அறிவியல் ஆதாரம் தருவது ஒன்று, காலநிலை ஆய்வுகளை மதிப்பிட்டு அரசுகளுக்கு அறிக்கை தரும் ஐநாவின் ஐபிசிசி செய்வது அதுதான். அறிவியல் நடக்க வேண்டும் என்பதற்காக நாடுகளைச் சேர்த்து வைப்பது இன்னொன்று, 1954இல் பிறந்த ஐரோப்பிய துகள் இயற்பியல் ஆய்வகமான செர்ன் மாதிரி. பேச்சே இல்லாத நாடுகளுக்கு இடையில் அறிவியலை வைத்து ஒரு வாசலைத் திறந்து வைப்பது மூன்றாவது. ஜோர்டானில் 2017இல் திறக்கப்பட்ட செசாமி ஒளிக்கதிர் மையத்தைப் பாருங்கள், இஸ்ரேலும் ஈரானும் பாலஸ்தீனமும் அதில் உறுப்பினர்களாக ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். இந்தப் பிரிப்பு பாடப்புத்தகத்துக்கு நல்லது, நிஜத்தில் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டுதான் கிடக்கும். நேர்முகத் தேர்வில் கேட்பார்கள் என்பதற்காகவாவது தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான் யாருக்காவது இந்த வேலையை விளக்க வேண்டுமென்றால் ஓசோன் கதையைத்தான் எடுப்பேன். 1974இல் மொலினாவும் ரோலண்டும் குளிர்பதனப் பெட்டிகளிலும் ஸ்பிரே டப்பாக்களிலும் இருந்த சிஎஃப்சி வாயுக்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று எழுதினார்கள். அப்போது அது ஒரு வேதியியல் கணிப்பு, அவ்வளவுதான். 1985 மார்ச்சில் வியன்னாவில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது, ஆனால் அதில் எந்தப் பொருளையும் குறைக்கும் கட்டாயம் இல்லை. இரண்டே மாதத்தில், மே 1985இல், அண்டார்டிகாவின் மேலே ஓசோன் பெருமளவு குறைந்திருப்பதை பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் மூவர் வெளியிட்டார்கள். 1987 செப்டம்பர் 16 அன்று மான்ட்ரியல் நெறிமுறை கையெழுத்தாகிவிட்டது. இன்றைக்கு உலகத்தின் எல்லா நாடுகளும் அதில் இருக்கின்றன.

இங்கே கவனிக்க வேண்டிய ஆள் முஸ்தபா தோல்பா. எகிப்தைச் சேர்ந்த நுண்ணுயிரியல் பேராசிரியர், 1975 முதல் 1992 வரை ஐநா சுற்றுச்சூழல் திட்டத்தின் தலைவர். பெரிய மன்றத்தில் எல்லாரும் தங்கள் அரசின் நிலைப்பாட்டை வாசித்துவிட்டு உட்காருவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதனால் முக்கியமான குழுத் தலைவர்களை மட்டும் ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டு, அதிகாரபூர்வமாக இல்லாமல் மனம்விட்டுப் பேச வைத்தார். விஞ்ஞானிகளின் மதிப்பீடு ஒரு பக்கம், சிறிய அறை இன்னொரு பக்கம், புதிய தகவல் வந்தால் முழு ஒப்பந்தத்தையும் மறுபடி எழுதாமலே அட்டவணையை இறுக்கலாம் என்ற ஏற்பாடு மூன்றாவது பக்கம். அந்த ஏற்பாடு இருந்ததால்தான் மான்ட்ரியல் நெறிமுறை பின்னால் பலமுறை கடுமையாக்கப்பட்டது. 2016இல் ருவாண்டாவின் கிகாலியில், சிஎஃப்சிக்கு மாற்றாக வந்த ஹெச்எஃப்சி வாயுக்களையும் உள்ளே கொண்டுவர முடிந்தது. அறிவியல் மாறும் என்பதை முன்கூட்டியே எண்ணி எழுதிய ஒப்பந்தம் அது. இந்த ஒரு கதையை ஆழமாகப் படித்தால் பத்துப் பொதுவான கட்டுரைகள் படித்ததற்குச் சமம்.

படி 2: எந்த நாற்காலியில் உட்காரப் போகிறீர்கள்?

ஒரே கூட்டத்தில் நாலு விதமான ஆட்கள் இருப்பார்கள், நாலு பேருக்கும் வேலை வேறு.

அரசாங்கத் தூதுக்குழுவில் இருப்பவர் தன் நாட்டின் நிலைப்பாட்டைச் சொல்பவர். தூதரகங்களில் அறிவியல் ஆலோசகர் என்ற பதவி பல நாடுகளில் உண்டு, பிரிட்டனுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இதற்கென்றே தனி வலைப்பின்னல்கள் இருக்கின்றன. செயலகத்தில் இருப்பவர் யார் பக்கமும் சாயக்கூடாது. ஆவணம் தயாரிப்பது, நடைமுறை சொல்வது, கூட்டத் தலைவருக்குக் காதில் ஓதுவது எல்லாம் இவருடையது. மதிப்பீட்டு அறிக்கை எழுதும் விஞ்ஞானி பெரும்பாலும் தன் பல்கலைக்கழக வேலையில் இருந்துகொண்டே இதைச் செய்பவர், ஐபிசிசி எழுத்தாளர்களுக்கு அந்த அமைப்பு சம்பளம் தருவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. நாலாவது, வெளியிலிருந்து அழுத்தம் தரும் அல்லது ஆலோசனை தரும் ஆட்கள்: தன்னார்வ அமைப்புகள், சிந்தனைக் குழுக்கள், அறிவியல் அகாடமிகள், பாரிஸில் இருக்கும் சர்வதேச அறிவியல் மன்றம் போன்றவை.

உங்களை நீங்களே நேர்மையாக ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்குச் சரியென்று தோன்றாத ஒரு நிலைப்பாட்டை, அரசு சொன்னது என்பதற்காக மைக்கில் வாசிக்க முடியுமா? முடியாது என்றால் தூதுக்குழு உங்களுக்கான இடமில்லை, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கருத்தே சொல்லாமல் வருஷக்கணக்கில் மற்றவர்கள் பேச்சைக் குறிப்பெடுக்க முடியுமா? செயலகத்தில் அதுதான் பாதி வேலை. ஒரு நாற்காலியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது சகஜம், பலரும் மாறுகிறார்கள். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டில் உட்கார முடியாது. விஞ்ஞானியாகப் பேசுகிறேன் என்று ஆரம்பித்துப் பாதியில் பிரசாரகராக மாறினால், அடுத்த முறை இரண்டாகவும் நம்ப மாட்டார்கள்.

படி 3: ஒரே ஒரு உடன்படிக்கையைத் தேர்ந்தெடுங்கள்

நீங்கள் படித்த பாடத்துக்குப் பக்கத்தில் இருப்பதை எடுங்கள். வேதியியல் என்றால் பாதரசத்துக்கான மினமாட்டா உடன்படிக்கையோ, ரசாயன ஆயுதத் தடையோ, 2022இல் தொடங்கி இழுத்துக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் பேச்சுவார்த்தையோ. உயிரியல் என்றால் பல்லுயிர் உடன்படிக்கை, உயிரி ஆயுதத் தடை, அல்லது 2025 மே மாதம் உலக சுகாதார மன்றம் ஏற்றுக்கொண்ட பெருந்தொற்று ஒப்பந்தம். கடல் அறிவியல் என்றால் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆழ்கடல் பகுதிகளின் பல்லுயிருக்காக 2023இல் ஏற்கப்பட்ட ஒப்பந்தம். நில அதிர்வும் இயற்பியலும் படித்தவர்களுக்கு அணுச் சோதனைத் தடை அமைப்பு. நிலத்தடியில் யாராவது அணுகுண்டு வெடித்தால் கண்டுபிடிக்க 337 நிலையங்களும் ஆய்வகங்களும் கொண்ட வலைப்பின்னலை அது திட்டமிட்டு, ஏறக்குறைய முடித்தும்விட்டது. ஒப்பந்தம் மட்டும் 1996இலிருந்து இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

ஊரையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், ஏனென்றால் வேலை அங்கேதான். காலநிலைச் செயலகமும் ஐபிபெஸ் என்கிற பல்லுயிர் அறிவியல் அமைப்பும் ஜெர்மனியின் பான் நகரில். பல்லுயிர் உடன்படிக்கையின் செயலகம் மான்ட்ரியலில். அணுசக்தி முகமையும் அணுச் சோதனைத் தடை அமைப்பும் ஐநா விண்வெளி அலுவலகமும் வியன்னாவில். சுகாதாரம், வானிலை, ரசாயனம், ஐபிசிசி எல்லாம் ஜெனீவாவில். ஐநா சுற்றுச்சூழல் திட்டமும் ஓசோன் செயலகமும் நைரோபியில்.

கூட்டம் குறைவாக இருக்கும் இடமாகப் பாருங்கள் என்பது என் அழுத்தமான யோசனை. காலநிலை மாநாட்டுக்குப் பல்லாயிரம் பேர் வருகிறார்கள், புதிதாக வருபவர் அதில் கரைந்துபோவார். பாதரசம் போன்ற சின்ன உடன்படிக்கையில் இரண்டாவது கூட்டத்திலேயே உங்கள் முகம் பலருக்குத் தெரிந்திருக்கும்.

தேர்ந்தெடுத்த பிறகு மூன்று மாதம் வேறு எதுவும் செய்யாமல் படியுங்கள். முதலில் உடன்படிக்கையின் மூலப் பிரதி, அது பெரும்பாலும் முப்பது நாற்பது பக்கம்தான். அடுத்து கடைசி இரண்டு மாநாடுகளின் தீர்மானங்கள். அப்புறம் எர்த் நெகோஷியேஷன்ஸ் புல்லட்டின் அறிக்கைகள். 1992இலிருந்து கூட்டங்களுக்குள் உட்கார்ந்து யார் என்ன சொன்னார்கள் என்று நாள்தோறும் எழுதும் வெளியீடு அது, இலவசம். ஒரு மாநாட்டின் முழுத் தொகுப்பையும் தொடர்ந்து வாசித்தால், எந்த நாடு எந்த நாட்டோடு சேர்ந்து பேசுகிறது, எந்தச் சொல் வந்தால் யாருக்கு எரிச்சல் வருகிறது என்பதெல்லாம் தானாகப் பிடிபடும்.

வரைவுப் பிரதியை வாசிக்கவும் பழக வேண்டும். ஒப்புக்கொள்ளாத சொற்களைச் சதுர அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். புரிவதற்காக நானே எழுதிய ஒரு மாதிரி:

"ஒவ்வொரு தரப்பும் [2030ஆம் ஆண்டுக்குள்] [இயன்றவரை விரைவில்] இப்பொருளின் உற்பத்தியை [நிறுத்த வேண்டும்] [குறைக்க ஊக்குவிக்கப்படுகிறது], [தேசியச் சூழ்நிலைகளுக்கு ஏற்ப]."

முதல் பார்வையில் குழப்பம். ஆனால் இது ஒரு வரைபடம். ஆண்டு கேட்பவர்கள் ஒரு குழு, ஆண்டே வேண்டாம் என்பவர்கள் இன்னொரு குழு. கடைசி அடைப்பைப் போட்டவர் தனக்கு ஒரு பின்வாசல் வைத்துக்கொள்கிறார். இந்த இடத்தில் ஒரு டெலிகேட் திரும்பி உங்களிடம் கேட்பார்: "2030க்குள் மாற்றுப்பொருள் சந்தையில் இருக்குமா, எந்தப் பயன்பாட்டுக்கு இருக்காது?" இதற்கு இரண்டு வாக்கியத்தில், அந்த அரை நிமிடத்தில், சரியான பதில் சொல்லத் தெரிந்தவர்தான் அறிவியல் ராஜதந்திரி. மூன்று மாதப் படிப்பு அந்த அரை நிமிடத்துக்காக.

படி 4: இரண்டு பக்கத்தில் எழுதப் பழகுங்கள்

ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிப் பழகியவர்களுக்கு இதுதான் கஷ்டம். பின்னணி, முறை, முடிவு, விவாதம் என்று போய்க் கடைசியில் விஷயத்தைச் சொல்வது நம் பழக்கம். அமைச்சக அதிகாரி முதல் மூன்று வரியை வாசிப்பார், பிடித்தால் மேலே போவார்.

பாதரசத்தையே எடுத்துக்கொள்வோம். கட்டுரைப் பழக்கத்தில் எழுதினால் இப்படி வரும்: "வளிமண்டலத்தில் கலக்கும் பாதரசத்தின் மூலங்கள் பலவகைப்பட்டவை என்பதும், அவற்றுள் சிறு அளவிலான தங்க அகழ்வு குறிப்பிடத்தக்க பங்கு வகிக்கிறது என்பதும் பல ஆய்வுகளால் சுட்டப்பட்டுள்ளது, எனினும் மேலதிக ஆய்வுகள் தேவை." தவறே இல்லை, ஆனால் யாருக்கும் எதற்கும் உதவாது.

அதையே இப்படி எழுதுங்கள்: "மனிதச் செயல்களால் காற்றில் கலக்கும் பாதரசத்தில் ஏறத்தாழ 38 சதவீதம் சிறு அளவிலான தங்க அகழ்விலிருந்து வருகிறது என்பது ஐநா சுற்றுச்சூழல் திட்டத்தின் 2018 மதிப்பீடு. இந்த எண்ணில் நிச்சயமின்மை அதிகம், ஆனாலும் மிகப்பெரிய மூலம் இதுதான். எனவே உடன்படிக்கையின் ஏழாம் பிரிவின் கீழ் வரும் தேசியச் செயல்திட்டங்களுக்கு நிதி ஒதுக்கும் வாசகத்தை நம் குழு ஆதரிக்கலாம்." எண் இருக்கிறது, அந்த எண் எவ்வளவு உறுதியானது என்பது இருக்கிறது, எந்தப் பிரிவு என்பது இருக்கிறது, என்ன செய்யலாம் என்பது இருக்கிறது. இவ்வளவுதான் பாலிசி பிரீஃப் என்கிற கொள்கைக் குறிப்பு.

நிச்சயமின்மையை மறைக்காமல், அதற்குள் மூழ்கவும் செய்யாமல் சொல்வது ஒரு தனிக் கலை. ஐபிசிசி இதற்காகச் சொற்களுக்கே அளவு வைத்திருக்கிறது. அவர்கள் "வாய்ப்புண்டு" என்று எழுதினால் 66 சதவீதத்துக்கு மேல், "மிகவும் வாய்ப்புண்டு" என்றால் 90க்கு மேல், "ஏறக்குறைய நிச்சயம்" என்றால் 99க்கு மேல். கொள்கை வகுப்போருக்கான அவர்களுடைய சுருக்கத்தை ஒருமுறையாவது முழுசாக வாசியுங்கள். அரசுகளின் பிரதிநிதிகளும் விஞ்ஞானிகளும் ஒரே அறையில் உட்கார்ந்து வரிக்கு வரி ஒப்புதல் தந்த பிரதி அது, ஒவ்வொரு அடைமொழியும் ஒரு காரணத்தோடு அங்கே இருக்கிறது.

மாதம் ஒரு பிரீஃப் எழுதுங்கள். யாரும் கேட்கவில்லை என்றாலும் எழுதுங்கள். அந்தத் துறையே தெரியாத ஒருவரிடம் கொடுத்து, "நான் என்ன செய்யச் சொல்கிறேன்?" என்று மட்டும் கேளுங்கள். அவர் தடுமாறினால் மறுபடி எழுத வேண்டியதுதான்.

படி 5: பட்டம் பற்றிச் சுருக்கமாக

பிஎச்டி கட்டாயமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். மதிப்பீட்டு அறிக்கைகளின் எழுத்தாளராக வேண்டும் என்றால் ஏறக்குறைய ஆமாம். செயலகத்துக்கு முதுகலையும் அனுபவமும் போதும்: ஐநாவின் தொழில்முறைப் பதவிகளில் கீழ்ப்படிகளான பி-2 நிலைக்கு இரண்டு ஆண்டு, பி-3 நிலைக்கு ஐந்து ஆண்டு வேலை அனுபவம் கேட்பார்கள். பாதியில் இருக்கும் பிஎச்டியை இதற்காக விடாதீர்கள், இதற்காக மட்டும் ஒன்றைத் தொடங்கவும் வேண்டாம். அறிவியல் பட்டத்துக்கு மேலே சர்வதேசச் சட்டத்தில் ஒரு அடிப்படைப் பாடம் படித்திருந்தால் ரொம்பக் கைகொடுக்கும்.

மொழி: ஆங்கிலம் இல்லாமல் முடியாது. இரண்டாவதாக பிரெஞ்சு கற்றுக்கொள்ளுங்கள், ஐநா செயலகத்தின் இரண்டு வேலை மொழிகளில் ஒன்று அது, ஜெனீவாவிலும் பாரிஸிலும் மேற்கு ஆப்பிரிக்கக் குழுக்களோடு பேசுவதிலும் உடனே பயன்படும்.

படி 6: உள்ளே போகும் கதவுகள்

ஐபிசிசி வரைவுகளுக்கு நிபுணர் மதிப்பாய்வாளராகப் பதிவு செய்வதுதான் செலவே இல்லாத கதவு. யாரும் உங்களை நியமிக்கத் தேவையில்லை, உங்கள் துறை அறிவை நீங்களே அறிவித்துப் பதியலாம். பக்கம், வரி எண் போட்டு ஒரு அட்டவணையில் கருத்து எழுத வேண்டும். ஒவ்வொரு கருத்துக்கும் எழுத்தாளர்கள் பதில் எழுதியாக வேண்டும், பிறகு எல்லாம் பொதுவில் வெளியாகும். ஆறாவது அறிக்கையின் முதல் பணிக்குழுவுக்கு மட்டும் 78 ஆயிரத்துக்கும் மேல் கருத்துகள் வந்தன. அந்தக் குவியலில் உங்களுடையது மதிக்கப்பட வேண்டுமென்றால் "இந்தப் பத்தி தெளிவாக இல்லை" என்று எழுதாதீர்கள். எந்த வாக்கியம், ஏன் தவறு, எந்த ஆய்வு அதைக் காட்டுகிறது, மாற்று வாக்கியம் என்ன என்று எழுதுங்கள். பத்து நல்ல கருத்து போதும். மதிப்பாய்வாளர் பட்டியலில் உங்கள் பெயரும் வரும்.

அத்தியாயங்களுக்கு உதவியாக இளம் ஆய்வாளர்களைச் சேர்ப்பதும் ஐபிசிசியில் உண்டு. மேற்கோள் சரிபார்ப்பது, படம் தயாரிப்பது, கூட்டக் குறிப்பு என்று பளு அதிகம், பெரும்பாலும் காசு கிடையாது. ஆனால் பெரிய விஞ்ஞானிகள் ஒரு வாக்கியத்துக்காக எப்படிச் சண்டை போட்டுச் சமரசமாகிறார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். ஐபிபெஸ் தன் ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் இளம் ஃபெலோக்களைத் தேர்ந்தெடுக்கிறது.

முனைவர் பட்ட மாணவராக இருந்தால் ஆஸ்திரியாவின் லாக்ஸன்பர்கில் இருக்கும் ஐஐஏஎஸ்ஏ நிறுவனத்தின் கோடைத் திட்டத்தை விட்டுவிடாதீர்கள். பனிப்போர் காலத்தில், 1972இல், கிழக்கும் மேற்கும் சேர்ந்து உட்கார்ந்து ஆராய்ச்சி செய்வதற்காகவே தொடங்கிய இடம் அது. மூன்று மாதம் உங்கள் ஆய்வைக் கொள்கைக் கேள்வியாக மாற்றிச் செய்யலாம். விண்ணப்பம் முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே திறந்துவிடும், வசந்த காலத்தில் தேடி ஏமாறுபவர்கள் நிறைய. பாகிஸ்தான் இயற்பியலாளர் அப்துஸ் சலாம் முன்னின்று 1983இல் இத்தாலியின் ட்ரியஸ்டேயில் தொடங்கிய டிவாஸ் என்கிற உலக அறிவியல் அகாடமி, வளரும் நாட்டு விஞ்ஞானிகளுக்காக அறிவியல் ராஜதந்திரப் பயிற்சி நடத்துகிறது. அணுச் சோதனைத் தடை அமைப்புக்கு ஒரு இளைஞர் குழு உண்டு, சேருவது சுலபம்.

ஐநாவுக்குள் இளையோருக்கென்று இரண்டு வழி. ஒன்று இளம் தொழில்முறையாளர் தேர்வு: வயது 32க்குள், அந்த ஆண்டின் பட்டியலில் உங்கள் நாடும் இருக்க வேண்டும், பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு மாறும். இன்னொன்று இளநிலை அலுவலர் திட்டம்: உங்களுக்கான சம்பளத்தை ஒரு அரசு தரும், பெரும்பாலும் தன் குடிமக்களுக்கே. வளரும் நாட்டவருக்கும் தரும் அரசுகள் சில உண்டு. அமெரிக்காவில் 1973இலிருந்து நடக்கும் புகழ்பெற்ற அறிவியல் கொள்கை ஃபெலோஷிப்புக்கு அந்நாட்டுக் குடியுரிமை வேண்டும். இதை முதல் பக்கத்திலேயே பார்க்காமல் வாரக்கணக்கில் விண்ணப்பம் தயாரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்த அறிவிப்பைத் திறந்தாலும் முதலில் தேட வேண்டியது குடியுரிமை விதி.

அப்புறம் பார்வையாளர் பேட்ஜ். தனி ஆளாக மாநாட்டுக்குப் பதிய முடியாது, அங்கீகாரம் பெற்ற ஒரு அமைப்பு உங்கள் பெயரைக் கொடுக்க வேண்டும். பல பல்கலைக்கழகங்கள் ஏற்கெனவே அங்கீகாரம் பெற்றவை, உங்களுடையது பெற்றிருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். காலநிலை மாநாட்டில் ஆராய்ச்சி அமைப்புகளுக்கு ரிங்கோ, இளைஞர்களுக்கு யங்கோ என்று தனித்தனி அணிகளே உண்டு.

படி 7: முதல் மாநாட்டில்

எல்லா அறைக்கும் ஓடாதீர்கள். நீங்கள் மூன்று மாதம் படித்த அந்த ஒரு விஷயத்தின் அறை எதுவோ அங்கேயே உட்காருங்கள், காலையிலிருந்து ராத்திரி வரை. முக்கியமான பேரம் பார்வையாளர்களை வெளியே அனுப்பிய பிறகுதான் நடக்கும். அப்போது தாழ்வாரத்தில் நில்லுங்கள், காபி வரிசையில் நில்லுங்கள். சின்ன நாடுகளின் தூதுக்குழுவில் இரண்டே பேர் இருப்பார்கள், ஒரே நேரத்தில் ஆறு அறையில் கூட்டம் நடக்கும். அவர்களுக்கு நிஜமாகவே உதவி தேவை. "நேற்று அந்த அறையில் நடந்ததைக் குறிப்பெடுத்திருக்கிறேன், வேண்டுமா?" என்று கேட்பதைவிட நல்ல அறிமுகம் எனக்குத் தெரியாது. விசிட்டிங் கார்டை நீட்டிவிட்டுப் போகிறவரை மறந்துவிடுவார்கள், குறிப்பைக் கொடுத்தவரை மறக்க மாட்டார்கள்.

தெரியாததைக் கேட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், நாளை காலைக்குள் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று சேர்த்துச் சொல்லுங்கள், தந்தும் விடுங்கள். ஒரு தவறான எண்ணை மைக்கில் சொல்ல வைத்துவிட்டால் அந்த டெலிகேட் உங்களை இனி கூப்பிட மாட்டார். அறையில் கேட்டதில் எதை வெளியே எழுதலாம், எதை எழுதக்கூடாது என்பதையும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூடிய அறையில் இன்னார் இன்னது சொன்னார் என்று சமூக ஊடகத்தில் போட்டு, பெயரைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

படி 8: பணமும் நிலையாமையும்

இதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை, அதனால் நான் சொல்லிவிடுகிறேன். ஐநா செயலக இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் கிடையாது, ஜெனீவா மாதிரி ஊரில் கைக்காசு போட்டு இரண்டு முதல் ஆறு மாதம் வாழ வேண்டும். வசதி இல்லாதவர்களை இது வாசலிலேயே நிறுத்துகிறது, அது நியாயமே இல்லை. உதவித்தொகை தரும் இடங்களை மட்டும் முதலில் குறிவையுங்கள்: உலக சுகாதார நிறுவனம், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐஎல்ஓ, ஐநா வளர்ச்சித் திட்டமான யூஎன்டிபி ஆகியவை தருகின்றன.

அதற்குப் பிறகும் பல வருடம் ஆறு மாதம், பதினொரு மாதம் என்று குறுகிய ஒப்பந்தங்கள்தான் வரும். 2025இலிருந்து ஐநாவில் நிதி நெருக்கடி, யூஎன்80 என்ற சீரமைப்பு, பதவி வெட்டு எல்லாம் சேர்ந்து நிலைமை இறுகிவிட்டது. அதனால் உங்கள் மூலத் தொழிலை, ஆராய்ச்சியோ பொறியியலோ மருத்துவமோ, விட்டுவிடாதீர்கள். பல்கலைக்கழக வேலையில் இருந்துகொண்டே ஒரு உடன்படிக்கையின் நிபுணர் குழுவில் பத்தாண்டு பணியாற்றுபவர்கள் நிறையப் பேர். அதுவும் முழுமையான ஒரு அறிவியல் ராஜதந்திர வாழ்க்கைதான்.

இன்னொன்று: விண்ணப்பத்துக்கோ நேர்முகத்துக்கோ பயிற்சிக்கோ ஐநா எந்தக் கட்டத்திலும் காசு கேட்காது. கேட்டால் அது மோசடி.

படி 9: விண்ணப்பம்

வேலை அறிவிப்பில் இருக்கும் சொற்களை வரிக்கு வரி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே நீங்கள் செய்த ஒரு காரியத்தை எழுதுங்கள். "காலநிலையில் ஆர்வம் உண்டு" என்பதற்கு மதிப்பே இல்லை. "மினமாட்டா உடன்படிக்கையின் ஏழாம் பிரிவு குறித்த மூன்று கூட்டங்களைத் தொடர்ந்து கவனித்தேன், இரண்டு பிரீஃப் எழுதினேன், ஒன்றை ஒரு தூதுக்குழு பயன்படுத்தியது" என்பதற்கு உண்டு. ஐநா நேர்முகத்தில் "ஒரு குழுவில் கருத்து வேறுபாடு வந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்ற மாதிரிக் கேள்விகள்தான் வரும். சூழ்நிலை, நீங்கள் செய்தது, விளைந்தது என்று இரண்டு நிமிடத்தில் சொல்ல ஆறு சம்பவங்களைத் தயாராக வைத்திருங்கள், தோற்ற சம்பவம் ஒன்றும் அதில் இருக்கட்டும். கடைசித் தேதி எந்த நேர மண்டலத்தில் என்று பாருங்கள், நியூயார்க் நள்ளிரவும் உங்கள் நள்ளிரவும் ஒன்றாக இருக்காது.

மாநாடு முடிந்து வீடு வந்த இரண்டு நாளைக்குள், நீங்கள் கவனித்த அந்த ஒரு விஷயத்தில் எந்த அடைப்புக்குறி விலகியது, எது அப்படியே இருக்கிறது, அடுத்த கூட்டத்துக்கு முன் எந்தத் தரவு தேவைப்படும் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். தாழ்வாரத்தில் பேசிய ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள், வேலை எதுவும் கேட்காமல். அடுத்த கூட்டத்துக்குப் பிறகும் அதையே செய்யுங்கள்.